திமோத்தி புல்லின் அடிக்குமிழ்

முயல் வளர்ப்பவர்கள் கடைகளில் கேட்டு வாங்கும் 'திமோத்தி', ஃப்ளியம் பிரட்டென்ஸ் என்ற ஐரோப்பியப் புல். குடியேறிகளோடு இது அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1711 வாக்கில் ஜான் ஹெர்ட் என்பவர் நியூ ஹாம்ப்ஷயரில் இது தானாக வளர்ந்திருப்பதைக் கண்டதாகவும், அதனால் 'ஹெர்ட் புல்' என்று அழைக்கப்பட்டதாகவும் சொல்வார்கள். சில ஆண்டுகளில் திமோத்தி ஹான்சன் என்ற விவசாயி இதைத் தென்பகுதிகளில் பரப்பினார். கடைசியில் அவர் பெயரே நிலைத்தது.

கதிரை வைத்தே இதை அடையாளம் காணலாம். உருளை வடிவில் நெருக்கமாக இருக்கும் கதிரை உருப்பெருக்கியில் பார்த்தால், ஒவ்வொரு சிறுகதிரிலும் இரண்டு விறைப்பான முட்கள் கொம்புகளாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் எனக்கு வியப்பூட்டுவது தாளின் அடிப்பகுதிதான். மண்ணை விலக்கினால், சின்ன வெங்காயம் போலத் தண்டு அங்கே புடைத்திருக்கும். ஃப்ரக்டான் என்ற சர்க்கரைத் தொடரைப் புல் சேமித்துவைக்கும் இடம் அது. அறுத்த பின் இலை இல்லாத நாட்களில் இந்தச் சேமிப்பில்தான் புதுத் துளிர் எழுகிறது. ஒட்ட அறுத்தாலோ, கால்நடைகள் ஓயாமல் மேய்ந்து மிதித்தாலோ பயிர் நலிந்துபோகும். ஆகவேதான் இதை மேய்ச்சலுக்கு விடுவதைவிட அறுத்து உலர்த்துவதே அதிகம்.

எப்போது அறுப்பது என்பதில்தான் தரம் இருக்கிறது. கதிர் வெளிவரும் நேரத்தில் அறுத்தால் இலையும் புரதமும் கிடைக்கும். பூத்து முற்றிவிட்டால் தண்டை விறைப்பாக்கும் லிக்னின் என்ற பொருள் ஏறி, செரிமானம் கடினமாகும். பூக்கும் புல்லின் மகரந்தம் பலருக்குத் தும்மலையும் கண் அரிப்பையும் தரும். அதே மகரந்தத்தின் சாற்றிலிருந்து, நாக்கின் அடியில் வைக்கும் ஒவ்வாமை மாத்திரையும் தயாராகிறது. அமெரிக்காவில் 2014-இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். உலர்ந்த புல்லின் நீண்ட நாரைப் பக்கவாட்டில் அரைத்து மெல்லும்போதுதான் கடைவாய்ப் பற்கள் சரியாகத் தேயும். செரிக்காத நார் குடலை இயங்க வைக்கிறது. அரிசித் தவிடும் தீவனக் குருணையும் இந்த வேலையைச் செய்யாது. தானியம் எடுத்த பின் மிஞ்சும் வைக்கோலில் நார் உண்டு, சத்து குறைவு. குதிரைமசால் என்ற தீவனப் பயிரில் கால்சியம் மிக அதிகம். வளரும் குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது உதவும். வளர்ந்த முயலுக்கு அதையே தினமும் கொடுத்தால் மிகுதியான கால்சியம் சிறுநீர்ப்பையில் படிந்துவிடலாம். திமோத்தியில் கால்சியம் குறைவு என்பதால், வளர்ந்த முயலுக்கு முன்னால் எந்நேரமும் அதைப் போட்டுவைக்கலாம்.