சாளை மலிவு, நெய்மீன் விலை: ஏன்?

"ஒரே கடல்தானே? சாளையைக் கூறு கூறாகக் குவித்துப் போடுகிறார்கள், நெய்மீனை மட்டும் துண்டு போட்டு நிறுத்து விற்கிறார்களே" என்று குளச்சலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். (சாளை என்பது மத்தி; நெய்மீன் என்பது வஞ்சிரம்.) ருசி, ஏற்றுமதி என்று காரணங்கள் உண்டு. ஆனால் முதல் காரணம் கடலுக்குள் இருக்கிறது: எந்த மீன் எதைத் தின்கிறது என்பது.

பாசி வெயிலைச் சாப்பாடாக்கும், பாசியை ஒன்று தின்னும், அதை இன்னொன்று தின்னும். பள்ளியில் படித்ததுதான். ஒவ்வொரு வாய் மாறும்போதும் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உடம்பில் சேர்கிறது. மீதியில் கொஞ்சம் கழிவாகும்; பெரும்பகுதி நீந்தியும் மூச்சுவிட்டும் வெப்பமாகப் போய்விடும். அந்த வெப்பத்தைத் திரும்பத் தின்ன எந்த மீனாலும் முடியாது. அமெரிக்காவில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து ரேமண்ட் லிண்டமன் எழுதிய இந்தக் கணக்கு 1942-இல் அச்சானது. அதைப் பார்க்காமலே 26 வயதில் அவர் இறந்துபோனார்.

சரி, சாளைக்கு வருவோம். அடுத்த முறை கழுவும்போது செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சிவப்புச் செவுளுக்கு எதிர்ப்பக்கம், வாயை நோக்கி, பேன் சீப்பின் பற்கள்போல மெல்லிய முட்கள் நெருக்கமாக நிற்கும். சாளை வாயைத் திறந்தபடி நீந்தும். தண்ணீர் செவுள் வழியே வெளியேறிவிடும், கண்ணுக்குத் தெரியாத பாசி அந்தச் சீப்பில் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு அழகான வடிகட்டி! அதாவது, சாளை பெரும்பாலும் பாசியை நேராகவே வாங்குகிறது, நடுவில் தரகர் இல்லை.

தோராயமாக 1000 கிலோ பாசி 100 கிலோ சாளையாகும். அந்தச் சாளையைத் தின்னும் நெய்மீன் 10 கிலோதான் ஏறும். நெத்திலி வழியாக வந்தால் இன்னும் மோசம். நெத்திலி பெரும்பாலும் தின்பது பாசி மேயும் நுண் விலங்குகளை. அங்கே ஒரு தரகர் கூடிவிட்டதால் 1000 கிலோ பாசிக்கு நெய்மீன் ஒரே கிலோ. படிக்குப் படி இந்தப் பங்கு 5 முதல் 20 சதவீதம் வரை மாறலாம், ஆனாலும் போக்கு இதுதான்.

இந்தப் பாசிக்கும் உரம் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று கரையோரம் வீசும்போது பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த, உரச்சத்து நிறைந்த நீர் ஏறும். நம் மேற்குக் கரையில் விசைப்படகுகள் தடையில் நிற்கும் ஜூன், ஜூலையில் கடலுக்கு உரமிடும் வேலை மும்முரமாக நடக்கிறது. அப்புறம் மழைக்காலம் முடியும்போது வரும் சாளையைச் சட்டியில் போட்டால் தன் நெய்யிலேயே பொரியும். அந்த நெய், இரண்டு மாதம் முன்பு வரை பாசியாக இருந்தது.

சாளை குறையும் வருடங்களில் கடலம்மாவின் கோபம் என்று கரையில் பேசிக்கொள்வார்கள். பாசி எங்கே பச்சையாகப் படர்ந்திருக்கிறது என்பதை இன்று செயற்கைக்கோள் காட்டிவிடும். ஆனால் அது எந்தப் பாசி, சாளை தின்னும் வகையா என்று அறிய, வாராவாரம் ஒருவர் தண்ணீர் மொண்டுவந்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும், வருடக்கணக்காக. அந்தச் சலிப்பான வேலைக்குத்தான் முதலில் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.