பொங்கல் வந்தும் போகாத தீபாவளி பேனர்

திருப்பூரில் பின்னலாடை விற்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கடை வெப்சைட்டில் தீபாவளி தள்ளுபடி பேனரை எடுத்துவிட்டுப் பொங்கல் பேனர் போடச் சொன்னேன். ‘மாத்தியாச்சு சார்’ என்றார் டெவலப்பர். என் போனில் இன்னும் மத்தாப்பும் சங்குசக்கரமும்தான் தெரிகிறது. அவர் லேப்டாப்பில் பொங்கல் பானை. என்னை ஏமாற்றுகிறாரா?”

இல்லை. இருவரும் அவரவர் திரையில் கண்டதைத்தான் சொல்கிறீர்கள். இடையில் புகுந்து விளையாடுவது கேஷ்.

ஒரு பக்கத்தைத் திறந்ததும் பிரவுசர் அதிலுள்ள படங்களையும் வண்ணம், எழுத்துரு சொல்லும் கோப்புகளையும் போனிலேயே ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அந்தச் சேமிப்புதான் கேஷ். தளத்தின் கோப்புகளை வைத்திருந்து அனுப்பும் கணினியான சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்தால், சென்னையிலிருந்து 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய்வர மட்டுமே 130 மில்லிநொடி. ஒவ்வொரு படத்துக்கும் இப்படி அலைவதைவிடக் கையில் இருப்பதைக் காட்டுவது மேல்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதைச் சர்வர் கோப்போடு அனுப்பும் ‘கேஷ்-கன்ட்ரோல்’ என்ற குறிப்பில் (ஹெடர்) நொடிக்கணக்கில் சொல்லும். கெடு முடிந்ததும் பிரவுசர், “என்னிடம் இன்ன அடையாளமுள்ள பிரதி இருக்கிறது, இது இன்னும் செல்லுமா?” என்று கேட்கும். மாறவில்லை என்றால் சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும்; படம் வராது. சிக்கனமான ஏற்பாடு.

சர்வர் கெடு எதையும் சொல்லாவிட்டால்? சிறு கடைகளின் தளங்கள் பலவற்றில் இதுதான் நிலைமை. அப்போது பிரவுசர் தானே ஊகிக்கும். கோப்பு கடைசியாக மாறி எவ்வளவு காலம் ஆனதோ, அதில் பத்தில் ஒரு பங்கு காலத்துக்கு நம்பலாம் என்பது வழக்கமான கணக்கு. இந்த 10 சதவீதத்தை 2022-இல் வெளியான கேஷ் விதிமுறை ஆவணமும் குறிப்பிடுகிறது. தீபாவளி பேனர் ஏறி 70 நாள் ஆன அன்று உங்கள் போன் அதைச் சரிபார்த்திருந்தால், அடுத்த 7 நாளுக்குச் சர்வரைக் கேட்கவே கேட்காது. நீங்கள் பேனரை மாற்றச் சொன்னது அந்த 7 நாளுக்குள். டெவலப்பரும் புதுப் படத்தைப் பழைய கோப்பின் பெயரிலேயே ஏற்றியிருப்பார். வீட்டுக்குப் புது ஆள் குடிவந்தும் வாசல் பலகையில் பழைய பெயரே தொங்குவது போல. பிரவுசர் பலகையைத்தான் படிக்கும்.

அவர் லேப்டாப்பில் மட்டும் எப்படிப் புதுசு? டெவலப்பர்களுக்கான டூல்ஸ் பலகம் பிரவுசரிலேயே இருக்கிறது. அதில் ‘கேஷ் வேண்டாம்’ என்று ஒரு டிக் உண்டு. பலகம் திறந்திருக்கும்வரை எல்லாம் சர்வரிலிருந்து புதிதாக வரும். பலர் அந்த டிக்கை எடுப்பதே இல்லை. வாடிக்கையாளர் பார்க்கும் தளத்தை அதைக் கட்டியவர் பார்ப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் வேடிக்கைகளில் ஒன்று.

நீங்கள் திரையை இழுத்து இழுத்து ரிஃப்ரெஷ் செய்திருப்பீர்கள். 2017-இல் அறிவித்த மாற்றத்துக்குப் பிறகு, குரோமில் ரிஃப்ரெஷ் செய்தால் பிரதானப் பக்கம் மட்டுமே சர்வரிடம் சரிபார்க்கப்படும். படங்கள் வழக்கம்போலக் கேஷிலிருந்தே வரலாம். போனை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை, பிரதி இருப்பது சேமிப்பகத்தில். ஆயுத பூஜைக்குச் சர்வருக்குச் சந்தனம் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது, பொரி கிடைக்கிறது. ஆனால் பத்து முறை ரிஃப்ரெஷ் அழுத்தினால் பலிக்கும் என்று பொறியியல் படித்தவர்களே நம்புவதைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

“கேஷ் கிளியர் பண்ணுங்க சார்” என்பது டெவலப்பர்களின் வாடிக்கையான பதில். உங்கள் போனில் அழித்தால் உங்கள் போன் சரியாகும். தளத்துக்கு வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தேடிப்போய் அழிக்கச் சொல்ல முடியுமா? என்னைக் கேட்டால் அந்தப் பதில் ஒரு தட்டிக்கழிப்பு.

பழைய பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய ஃபில் கார்ல்ட்டன் சொன்னதாக ஒரு நகைச்சுவை உலவுகிறது: கணினி அறிவியலில் கடினமான விஷயங்கள் இரண்டே இரண்டு, பழைய கேஷைச் செல்லாததாக்குவதும் எதற்காவது பெயர் வைப்பதும். வேடிக்கை என்னவென்றால், நல்ல தீர்வு இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. கோப்புக்குப் பெயரை மனிதர் வைக்க வேண்டாம்; கோப்பின் உள்ளடக்கமே வைத்துக்கொள்ளட்டும்.

அதற்கான கருவி ஹாஷ் சார்பு. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் குறிப்பிட்ட நீளத்தில் ஒரு எண்ணைத் தரும். ஹாஷ் சூத்திரங்கள் பல உண்டு. எனக்குப் பிடித்த எஸ்ஹெச்ஏ-256-ஐ எடுத்துக்கொள்கிறேன். கோப்பை 64 பைட் துண்டுகளாக நறுக்கும். தொடக்கத்தில் கையில் எட்டு எண்கள். அவை எங்கிருந்து வந்தவை தெரியுமா? 2, 3, 5, 7 என்று முதல் எட்டுப் பகா எண்களின் வர்க்கமூலங்களில், புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் 32 பிட்கள் (0 அல்லது 1 என்ற இரும இலக்கங்கள்). ஒவ்வொரு துண்டையும் இந்த எட்டு எண்களோடு 64 சுற்று கலக்கும்: கூட்டும், பிட்களைச் சுழற்றும், ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் புரட்டும். சுற்றுக்கொரு மாறிலியும் சேரும். அவை 2 முதல் 311 வரையிலான 64 பகா எண்களின் கனமூலங்களிலிருந்து அதேபோல எடுத்தவை. இந்த எண்களுக்கென்று தனி மகிமை இல்லை. வடிவமைத்தது அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ. யாரும் ரகசியக் கதவு வைக்கவில்லை என்று உலகம் நம்ப வேண்டுமே, அதற்காக எவரும் சரிபார்க்கக்கூடிய எண்களைத் தேர்ந்தார்கள். இந்தச் சூத்திரத்தால் பெயர் வைத்தால் உங்கள் கடை பேனரின் பெயருக்குள் இரண்டின் வர்க்கமூலமும் கலந்துவிடும் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

கலவையின் வீரியத்தைப் பாருங்கள். விடையை 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள பதினாறு குறிகளால் எழுதுவது வழக்கம். ஆங்கிலத்தில் ‘ஹலோ’ என்ற சொல்லை முழுக்கச் சிறிய எழுத்தில் கொடுத்தால் விடையின் முதல் எட்டுக் குறிகள் 2-சி-எஃப்-2-4-டி-பி-ஏ. முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கினால் 1-8-5-எஃப்-8-டி-பி-3. கணினிக்குள் இந்த இரு சொற்களுக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். (ஆறாவது, ஏழாவது குறிகள் ஒத்துப்போனது தற்செயல்.) ஒரு பிட் புரண்டால் 256 பிட்களில் ஏறத்தாழப் பாதி புரளும். எட்டுக் குறிகளை மட்டும் பெயரில் ஒட்டினாலே சுமார் 429 கோடி சாத்தியங்கள். ஒரு தளத்தின் கோப்புகளுக்கு இது தாராளம்.

ஆக, பேனரில் ஒரு புள்ளி நிறம் மாறினாலும் கோப்பின் பெயர் மாறிவிடும். போன் அந்தப் பெயரை முன்பு பார்த்ததே இல்லை. கேஷில் தேடும், கிடைக்காது, சர்வரிடம் வாங்கும். பழையதை அழிக்க வேண்டிய வேலையே எழவில்லை. மாறாத கோப்புகளின் பெயர் மாறாது, அவை திரும்ப இறங்காது. அதனால் இத்தகைய கோப்புகளுக்கு 3,15,36,000 நொடி, அதாவது ஓராண்டு கெடு துணிந்து கொடுக்கலாம். தளத்தின் கோப்புகளைத் தொகுத்துத் தரும் வெப்பேக், வைட் போன்ற கட்டுமானக் கருவிகள் இந்தப் பெயர்சூட்டலைத் தாமே செய்துவிடும். டெவலப்பர் நேரே சர்வரில் படத்தைத் தூக்கிப் போடும் பழக்கத்தை விட்டால் போதும்.

வாசகருக்கு என் யோசனை: ‘சைட் வேலை செய்யல’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முதலில் இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். அதற்குத் தனிக் கேஷ். அங்கே பொங்கல் பானை தெரிந்தால் சிக்கல் அநேகமாக உங்கள் போனின் கேஷ்தான். அங்கும் மத்தாப்பு என்றால் சர்வரிலோ, இடையில் பிரதி வைத்து வழங்கும் சர்வர் வலையமைப்பான சிடிஎன்னிலோ பழையது தங்கியிருக்கிறது. எந்தப் போன், எந்தப் பிரவுசர், எத்தனை மணிக்கு, இன்காக்னிட்டோவில் என்ன தெரிந்தது என்று நான்கே விவரமும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்புங்கள். “படம் மாறினால் கோப்பின் பெயரும் மாறுகிற மாதிரி வைத்திருக்கிறீர்களா?” என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

டெவலப்பருக்கும் ஒன்று. இந்த ஓராண்டுக் கெடுவை முகப்புப் பக்கத்துக்கு எழுதிவிடாதீர்கள். எந்தப் பேனர், என்ன பெயர் என்று சொல்வதே அந்தப் பக்கம்தான். அதன் முகவரி கடையின் விசிட்டிங் கார்டிலும் கட்டைப்பையிலும் அச்சாகியிருக்கிறது, பெயர் மாற்ற வழியில்லை. அது ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டே ஆக வேண்டும். புதுப் பதிப்பு ஏற்றியதும் பழைய கோப்புகளை உடனே நீக்கவும் வேண்டாம், சில நாள் சர்வரிலேயே கிடக்கட்டும். காலையில் பக்கத்தைத் திறந்துவைத்து மதியம் ஆர்டர் போடுகிற வாடிக்கையாளரின் பிரவுசர் இன்னும் பழைய பெயரைத்தான் கேட்கும்.