அரிச்சல்முனையில் சாய்ந்த கடல்

ஆடி மாதம் தனுஷ்கோடியின் கோடியில் உள்ள அரிச்சல்முனையில் கை ஆடாமல் படம் எடுப்பது லேசான காரியமில்லை. கச்சான் காற்று ஆளையே தள்ளும். ஆடி அமாவாசைக்கு ராமேசுவரம் வந்திருந்த அக்கா குடும்பத்தை அங்கே நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். அன்று ராத்திரி அதைப் பார்த்த அக்கா மகன், "மாமா, கடல் ஒரு பக்கமா வழியுற மாதிரி இருக்கே" என்றான். உண்மைதான். இடக்கோடியில் உயர்ந்திருந்த தொடுவானம் வலக்கோடியில் இறங்கியிருந்தது. போனில் எடிட் பகுதிக்குப் போய் ஓர் இழுப்பு இழுத்ததும் கடல் சமமானது. "அது எப்படி மாமா திரும்புது?" என்று அடுத்த கேள்வி வந்தது. அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். தினமும் செய்கிற இந்தச் சின்ன வேலைக்குள் அத்தனை அழகான கணக்கு இருக்கிறது.

முதலில் கோணம். படத்தின் அகலம் 4000 பிக்சல். தொடுவானத்தின் இடக்கோடி வலக்கோடியைவிட 140 பிக்சல் மேலே இருந்தது. 140-ஐ 4000-ஆல் வகுத்தால் 0.035. பள்ளிக்கூடத்து டேன்ஜென்ட்தான் இது. எந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் 0.035 என்று பார்த்தால், 2 டிகிரி. கிம்ப் போன்ற மென்பொருளில் அளவுக் கருவியை எடுத்துத் தொடுவானத்தின் மேல் ஒரு கோடு இழுக்கும்போது அது போடுகிற கணக்கு இவ்வளவுதான். கடிகாரத்தின் நிமிட முள் 20 நொடியில் நகர்வது 2 டிகிரி. மலையோ மரமோ பின்னால் இருந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது. கடல் என்பதால் மாட்டிக்கொண்டது.

அடுத்து, திருப்புவது. சுவரில் மாட்டிய படம் ஆணியில் சரிந்திருந்தால் விரலால் தட்டி நேராக்குவோம். படத்துக்கு ஒன்றும் ஆகாது. டிஜிட்டல் படம் அப்படியில்லை. அது கட்டம் போட்ட தாள், கட்டத்துக்கு ஒரு நிறம். அந்தக் கட்டம்தான் பிக்சல். அந்தக் கட்டங்களைச் சாய்த்து வைக்க வழியில்லை. அதனால் மென்பொருள் புதிதாக ஒரு வெறும் தாளை எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் முதலிலிருந்து நிறம் கொடுக்கிறது.

பழைய கட்டம் ஒவ்வொன்றையும் 2 டிகிரி திருப்பி, போய் விழும் இடத்தில் நிறத்தைப் பூசினால் போதாதா? போதாது. சில கட்டங்களில் இரண்டு நிறங்கள் விழும். சிலவற்றில் எதுவுமே விழாது. படமெங்கும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஆகவே கணக்கு தலைகீழாக நடக்கிறது. புதிய தாளின் ஒவ்வொரு கட்டமும், "பழைய படத்தில் நான் எந்த இடம்?" என்று கேட்கிறது. நடுவிலிருந்து 100 கட்டம் வலப்பக்கமும் 50 கட்டம் மேலேயும் இருக்கும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். சைன், கோசைன் போட்டுப் பின்னோக்கித் திருப்பினால் அது பழைய படத்தில் 101.68, 46.48 என்ற இடத்தைக் காட்டுகிறது.

சரி, 101.68-ஆவது கட்டம் என்று ஒன்று ஏது? அந்தப் புள்ளி நான்கு கட்டங்களுக்கு நடுவில் விழுகிறது. ஆகவே நான்கிடமும் நிறம் வாங்க வேண்டும், யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவரிடம் கூடுதலாக. இங்கே மிக அருகில் இருக்கும் கட்டம் 35 சதவீதம் தருகிறது. மற்றவை 33, 17, 15. கலந்தால் புதிய நிறம். இன்னும் நேர்த்தியான முறையில் சுற்றியுள்ள 16 கட்டங்களிடம் வாங்குவார்கள். ஒரு கோடியே 20 லட்சம் பிக்சலுக்கும் இதே வேலை, விரல் நகர்வதற்குள் முடிந்துவிடுகிறது. இதை முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் போகவில்லை.

ஆனால் கலந்தால் கூர்மை கொஞ்சம் மழுங்கும். ஒரு டிகிரி திருப்பிச் சேமித்து, அதைத் திறந்து இன்னும் அரை டிகிரி, மறுபடி கால் டிகிரி என்று போனால், ஒவ்வொரு தடவையும் கலவையின் மேல் கலவை. வலையின் கண்ணிகள், மணலின் துகள்கள் எல்லாம் மங்கிவிடும். மூலப்படத்திலிருந்து ஒரே தடவையில் திருப்புங்கள். 90 டிகிரிக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அங்கே கட்டங்கள் இடம் மாறி உட்காருகின்றன, கலப்பதற்கு ஒன்றுமில்லை.

அப்புறம் ஓரங்கள். சாய்த்த படம் சட்டத்துக்குள் பொருந்தாமல் நான்கு மூலையிலும் வெற்று முக்கோணம் விடும். அதை மறைக்க மென்பொருள் உள்ளே தள்ளி வெட்டுகிறது. 4000-க்கு 3000 படத்தை 2 டிகிரி திருப்பி, அதே வடிவத்தில் வெட்டினால் பரப்பில் ஏறக்குறைய 9 சதவீதம் போய்விடும். 5 டிகிரி என்றால் 19 சதவீதம்.

எது நேர் என்று மென்பொருள் தானாகக் கண்டுபிடிப்பதும் உண்டு. 1962-இல் பால் ஹஃப் என்ற இயற்பியலாளர் காப்புரிமை பெற்ற ஒரு வழி இதற்குப் பேர்போனது. அணுத்துகள்கள் விட்டுச்செல்லும் தடங்களைப் படங்களில் தேடுவதற்காக அவர் யோசித்தது அது. நிறம் சட்டென்று மாறும் ஒவ்வொரு புள்ளியும், தன் வழியாகப் போகக்கூடிய எல்லாக் கோடுகளுக்கும் ஒரு வாக்குப் போடும். எந்தக் கோட்டுக்கு வாக்கு குவிகிறதோ அது படத்தில் உண்மையாக உள்ள கோடு.

பாம்பனில் இந்த வாக்கெடுப்பு ஏமாறும். சாலைப் பாலத்தில் நின்று ரயில் பாலத்தைப் படம் எடுத்தால், இரண்டு கிலோமீட்டர் நீளப் பாலம் தூரம் போகப் போகத் தொடுவானத்தை நோக்கி ஒடுங்கிச் சாய்வாகத் தெரியும். போனைச் சரியாகப் பிடித்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். ஆனால் அதிக வாக்கு அதற்குத்தான் விழும். அதை மட்டமாக்கினால் கடல் கவிழும்.

கரையோரமும் அதே மாதிரிதான். கண் உயரம் 1.6 மீட்டர் என்றால், 50 மீட்டர் தள்ளியுள்ள அலை விளிம்பு தொடுவானத்துக்கு 1.8 டிகிரி கீழே தெரியும். தூரத்து விளிம்பு தொடுவானத்தை ஒட்டிவிடும். இடையில் அது சாய்ந்துதான் போகும். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயச் சுவரை வைத்து அளப்பதும் வேண்டாம். அந்தச் சுவர் இன்று செங்குத்தாக நிற்கிறதா என்பதே நிச்சயமில்லை. நம்பத்தகுந்த கோடு ஒன்றுதான்: கரை எதுவும் குறுக்கிடாத கடலும் வானமும் தொடும் கோடு. அரிச்சல்முனையில் நின்றால் அது சுமார் நாலரை கிலோமீட்டரில் இருக்கிறது.

அக்கா படத்துக்கு வருகிறேன். தானாக வெட்டியதில், காற்றில் பறந்து வலது ஓரம்வரை போயிருந்த அவள் முந்தானை அறுபட்டிருந்தது. நீள அகல விகிதத்தை மாறவிடாமல் பிடித்திருக்கும் வடிவப் பூட்டை எடுத்துவிட்டு, கீழே மணலைக் குறைத்து அகலத்தைக் கூட்டி மறுபடி வெட்டினேன். பாதங்கள் போய்விட்டன. கடல் மட்டமாகக் கிடக்கிறது, முந்தானை முக்கால்வாசிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. அக்கா அதைத்தான் பிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறாள்.