அடிபட்டு மயங்கும் கதாபாத்திரம்: மண்டைக்குள் நடப்பது என்ன?

குடோன் காவலாளியின் பின்மண்டையில் உருட்டுக்கட்டையால் ஓர் அடி விழுகிறது. அவர் சத்தமின்றிச் சரிகிறார். கதைக்குத் தேவையான இரண்டு மணி நேரம் கழித்து, தலையைத் தடவிக்கொண்டே எழுந்து, அடித்தவனின் சட்டை நிறத்தையும் அவன் ஓடிய திசையையும் பிசகாமல் சொல்கிறார். நாம் பலமுறை படித்தும் பார்த்தும் பழகிவிட்ட இந்தக் காட்சியில் அடியும் அதனால் சுயநினைவு தப்புவதும் மட்டுமே உண்மைக்கு நெருக்கமானவை. மயங்கிக் கிடக்கும் நேரமும் விழித்தபின் இருக்கும் தெளிவும் மருத்துவத்தோடு பொருந்துவதில்லை. மயக்கத்தை எழுதுவதைவிட, மயக்கம் தெளிந்தபின் வரும் குழப்பத்தை எழுதுவதில்தான் ஒரு கதாசிரியரின் கவனம் அதிகம் தேவைப்படுகிறது.

ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோ எடையுள்ள மனித மூளை மிகவும் மென்மையானது. அது மண்டையோட்டுக்குள் மூளைத் தண்டுவடத் திரவம் சூழ மிதக்கும் நிலையில் இருக்கிறது. நீர் நிறைந்த செம்பைச் சட்டெனத் திருப்பினால் செம்பு திரும்பிவிடும், உள்ளிருக்கும் நீர் பின்தங்கும். தாடையில் விழும் குத்து தலையைத் திடீரெனத் திருப்பும்போது மூளைக்கும் ஏறக்குறைய அதுவே நேர்கிறது. ஓடு முந்திக்கொள்ள, பின்தங்கும் மூளைத் திசு முறுக்கப்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய ஹோல்பர்ன் என்ற இயற்பியலாளர் 1943இல் மண்டையோட்டு வடிவத்துக்குள் ஜெலட்டினை நிரப்பிச் சோதித்து, நேர்க்கோட்டு விசையைக் காட்டிலும் சுழற்சியே மூளைத் திசுவை அதிகம் சிதைக்கிறது என்று காட்டினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நரம்பியலாளர்களான டென்னி-பிரவுனும் ரஸ்ஸலும் விலங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில், தலை தாராளமாக அசையும் நிலையில் அடி விழுந்தால் எளிதில் மூளை அதிர்ச்சி (கன்கஷன்) ஏற்படுவதையும், தலையை அசையாமல் பிடித்துவைத்தால் அதே அடிக்கு அது ஏற்படாததையும் கண்டிருந்தனர். குத்துச்சண்டை வீரர்கள் முகவாயைக் குறிவைப்பதன் காரணம் இதில் இருக்கிறது. சுவரோடு சாய்த்து அழுத்தப்பட்ட தலையில் விழும் அடி எலும்பை உடைக்கலாம். ஆனால் சுயநினைவை உடனே பறிக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

முறுக்கம் சுயநினைவைப் பறிப்பது எப்படி என்பதற்கு, மூளையின் அடிப்பகுதியில் உள்ள மூளைத்தண்டிலிருந்து விளக்கம் தொடங்குகிறது. அங்குள்ள வலைப்பின்னல் போன்ற நரம்பணுத் தொகுதிதான் பெருமூளையை விழிப்பில் வைத்திருக்கிறது என்பதை மொருஸ்ஸி, மகூன் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1949இல் நிறுவினார்கள். மயக்கத்தில் இருந்த பூனைகளின் அந்தப் பகுதியை மின்னோட்டத்தால் தூண்டியபோது, மூளை அலைகள் விழித்திருக்கும் விலங்கின் அலைகளாக மாறின. தலை வேகமாகத் திரும்பும்போது இந்தப் பகுதியும் அதைப் பெருமூளையோடு இணைக்கும் நரம்பிழைகளும் இழுபடுகின்றன. நரம்பணுக்களின் சவ்வுகள் ஒரே நேரத்தில் நிலைகுலைந்து, பொட்டாசியம் வெளியேற, கால்சியம் உள்ளே புக, நரம்பணுக்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கட்டுப்பாடின்றிச் சுரக்கிறது. குலைந்த சமநிலையை மீட்க உயிரணுக்கள் அளவுக்கு மீறி ஆற்றலைச் செலவிடுகின்றன. பின்னர் நாள் கணக்கில் ஆற்றல் பற்றாக்குறையில் தவிக்கின்றன. அடிபட்டவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் தலைவலி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், எரிச்சல், தூக்கக் கோளாறு ஆகியவை தொடர்வதை இது பெருமளவு விளக்குகிறது. கதாநாயகன் மறுநாளே பத்துப் பேரைப் புரட்டி எடுக்கும் காட்சியை எழுதுபவர் இதை நினைவில் கொள்வது நல்லது.

இனி நேரக் கணக்கு. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் சுயநினைவை இழப்பதே இல்லை. இழப்பவர்களும் பொதுவாகச் சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ கண் திறந்துவிடுகிறார்கள். மயக்கம் 30 நிமிடங்களைத் தாண்டினால் மருத்துவம் அதை இலேசான காயமாகக் கருதுவதில்லை. ஆகவே நமது குடோன் காவலாளி உண்மையிலேயே இரண்டு மணி நேரம் நினைவின்றிக் கிடந்தால், அடுத்த அத்தியாயத்தில் அவர் இருக்க வேண்டிய இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு.

சரிவதும் பூப்போல நிகழ்வதில்லை. நினைவிழந்தவர் கையை ஊன்றித் தன்னைக் காத்துக்கொள்ள மாட்டார். மரம் விழுவதுபோல் விழுந்து, தரையில் மோதி, முதல் அடியைவிடப் பெரிய காயத்தை அடையக்கூடும். சிலருக்கு ஒரு கை விறைத்து நீள, மற்றது மடங்கிய நிலையில் சில விநாடிகள் நிற்கும்; வாள்சண்டைக்காரர் நிற்கும் நிலையை ஒத்திருப்பதால் 2009இல் ஆய்வாளர்கள் அதற்கு அந்தப் பெயரையே இட்டார்கள். கண்கள் பாதி திறந்தே இருப்பதும், மூச்சு குறட்டைபோல் ஒலிப்பதும், சிறு வலிப்பு வந்து அடங்குவதும் உண்டு.

கதையைத் தன்மை இடத்தில் சொல்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. “மண்டையில் இடி இறங்கியது, இருள் என்னை விழுங்கியது” என்று எழுதுவது கைவந்த வழக்கம். ஆனால் ஓர் அனுபவம் நிலையான நினைவாகப் பதியச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்தப் பதிவு முடிவதற்குள் அடி குறுக்கிடுவதால், அடியும் பெரும்பாலும் அதற்கு முந்தைய சில நிமிடங்களும் பதிவாகாமலே போய்விடுகின்றன. காவலாளியே கதைசொல்லியாக இருந்தால், அவர் பூட்டில் சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும் வாக்கியத்துக்கு அடுத்த வாக்கியத்தில் ஆம்புலன்ஸின் கூரை விளக்கு தெரிய வேண்டும். இடையில் இருட்டும் இல்லை, வலியும் இல்லை. அவரைப் பொறுத்தவரை நேரம் ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது. சட்டை நிறம் அவருக்குத் தெரிய வழியில்லை.

விழித்த பிறகும் பதிவு உடனே சீராவதில்லை. கண்கள் திறந்திருக்கும், பேச்சு வரும், கேட்டால் பெயரைச் சொல்வார். ஆனால் புதிய செய்தி எதுவும் தங்காது. “சாவி எங்கே?” என்பார். “போலீஸ்கிட்ட இருக்கு அண்ணே” என்று பதில் வரும். தலையாட்டுவார். அரை நிமிடம் கழித்து அதே குரலில், அதே கவலையுடன், “சாவி எங்கே?” என்பார். பத்தாவது முறை கேட்கும்போதும் அவருக்கு அது முதல் முறைதான். மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் 1974இல் வகுத்த, ஒருவரின் விழிப்பு நிலையை அளக்கும் கிளாஸ்கோ கோமா அளவீட்டில் 15 என்பது முழுத் தெளிவு, 3 என்பது கடைநிலை. கண் திறந்து, சொன்னபடி கையை உயர்த்தி, ஆனால் குழப்பமாகப் பேசும் நமது காவலாளிக்கு 14 கிடைக்கும். பக்கத்தில் இருக்கும் தம்பிக்கு அந்த ஒரு புள்ளிக் குறைவு எவ்வளவு திகிலாக இருக்கும் என்பதைக் கற்பனை செய்யும் எழுத்தாளருக்கு ஒரு முழுக் காட்சி கிடைத்துவிடுகிறது.

மறந்த கதாநாயகனுக்கு இரண்டாவது அடியில் எல்லாம் நினைவுக்கு வரும் நம் திரையுலக வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தன் பெயரையும் தாயையும் மறந்தவன் புதிய காதலை மட்டும் துல்லியமாக நினைவில் வைத்திருப்பது, பழையவை எஞ்சி, புதியவை தங்காமல் போகும் உண்மையான நோயாளிகளின் நிலைக்கு நேர் எதிரானது. முதல் காயம் ஆறுமுன் விழும் இரண்டாவது அடி, அரிதாக என்றாலும், உயிரையே பறிக்கும் மூளை வீக்கத்தை உண்டாக்கியிருக்கிறது.

எழுந்து தெளிவாகப் பேசியவர் சில மணி நேரத்தில் சரிவதும் உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பொட்டுப் பகுதியில் எலும்பு மெல்லியது. அது உடைந்து உட்புறம் ஓடும் தமனி கிழிந்தால், எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையே குருதி தேங்கி மூளையை அழுத்தத் தொடங்கும். 2009 மார்ச்சில் கனடாவின் பனிச்சறுக்குச் சரிவொன்றில் விழுந்த பிரிட்டிஷ் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், முதலில் தனக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவ உதவியை மறுத்தார்; பின்னர் தலைவலி கண்டு, இரண்டு நாட்களில் இத்தகைய குருதித் தேக்கத்தால் இறந்தார். சி.டி. ஸ்கேன் எடுக்க வசதியற்ற ஊரில் நடக்கும் கதைக்கு, இந்தத் தெளிந்த இடைவேளையைவிடக் கடுமையான கெடு வேறில்லை.

எதிரியைக் கொல்லாமல் ஒரு மணி நேரம் அப்புறப்படுத்த வேண்டும் என்றால் வேறு வழி உண்டா? கழுத்துக் குருதியோட்டம் தடைபட்டால் 5 முதல் 10 விநாடிகளில் நினைவு தப்பும். பிடி தளர்ந்ததும் விரைவிலேயே திரும்பிவிடும். தடை நீடித்தால் மூளை அழியும். 1847இல் ஸ்காட்லாந்து மருத்துவர் சிம்ப்சன் மயக்க மருந்தாக அறிமுகப்படுத்திய குளோரோஃபார்மோ, கைக்குட்டையில் நனைத்து மூக்கில் வைத்த மாத்திரத்தில் வேலை செய்வதில்லை; சில நிமிடங்கள் தொடர்ந்து சுவாசிக்க வேண்டும், அளவு மீறினால் இதயமோ மூச்சோ நின்றுவிடும். ஆகவே காவலாளியை உயிரோடும் புத்தி தெளிவோடும் அடுத்த அத்தியாயத்துக்குக் கொண்டுவர விரும்பும் எழுத்தாளர், உருட்டுக்கட்டையைக் கீழே போட்டுவிட்டு, அவரைக் குடோனுக்குள் தள்ளி வெளியே பூட்டிவிடலாம்.