மா ரெய்னி கிணத்துக்குள்ள இருந்தா பாடுனாங்க?

போன வாரம் அக்கா பொண்ணு யூடியூப்ல மா ரெய்னி பாட்டு ஒண்ண போட்டுக் கேட்டுட்டு, "மாமா, இவங்களையா ப்ளூஸோட அம்மான்னு சொல்றாங்க? கிணத்துக்குள்ள உக்காந்து பாடுற மாதிரில்ல இருக்கு"ன்னா. நியாயமான கேள்விதான். ப்ளூஸ்ங்கிறது அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு வகை. அவ கேள்வியா கேட்டத தீர்ப்பாவே எழுதி வச்சவங்க நிறைய பேரு, இன்னொரு ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்துதான் மேதை, ரெய்னி அவங்களுக்கு முன்னாடி வந்த கரடுமுரடான ஆளுன்னு. அந்தத் தீர்ப்புல பாதி ரெய்னி குரலுக்கு இல்ல, ஒரு தகரக் குழாய்க்குக் குடுத்ததுங்கிறது என் கட்சி.

அமெரிக்கத் தெற்குல ஊர் ஊரா கூடாரம் போட்டு நடந்த ஷோக்கள்ல மைக்கே இல்லாம பாடி வளந்த கறுப்பினப் பெண் இவங்க. இயற்பெயர் கெர்ட்ரூட் பிரிட்ஜெட். முதல் ரெக்கார்டு 1923 டிசம்பர்ல, சிகாகோவுல, பாரமவுண்டு கம்பெனிக்கு. சினிமா கம்பெனின்னு நினைச்சுடாதீங்க, இது விஸ்கான்சின்ல நாற்காலி செய்ற ஒரு கம்பெனியோட கிளை, கிராமஃபோனுக்குப் பெட்டி செஞ்சு குடுத்தவங்க அப்படியே ரெக்கார்டும் போட ஆரம்பிச்சுட்டாங்க. அஞ்சு வருஷத்துல 90 பாட்டுக்கு மேல பதிஞ்சாங்க ரெய்னி.

அன்னைக்கு அங்க மைக் கிடையாது, ஆம்ப்ளிஃபயர் கிடையாது. செவுத்துல இருந்து ஒரு பெரிய கூம்புக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்கும், அதோட வாய்கிட்ட நின்னு பாடணும். குழாயோட சின்ன முனையில ஒரு மெல்லிய தகடு, தகட்டோட ஒட்டுன ஒரு ஊசி, ஊசிக்குக் கீழ சுத்துற மெழுகுத் தட்டு. மூச்சு காத்த அசைக்குது, காத்து தகட்ட அசைக்குது, தகடு ஊசிய அசைக்குது, ஊசி மெழுகக் கீறுது, அவ்ளோதான். மெழுகுப் பள்ளத்துல சத்தத்தோட நெளிவு விழணும்னா, ஊசிய ஆட்டுற சக்தி முழுக்க பாடுறவங்க குரல்ல இருந்துதான் வரணும்.

சிக்கல் என்னன்னா அந்தக் குழாயும் தகடும் சுமாரா 250 ஹெர்ட்ஸ்ல (அதாவது வினாடிக்கு 250 அதிர்வுல) இருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் உருப்படியா ஆடும். ரெய்னிக்கோ கனமான கீழ்க்குரல், அதுல பல சுரங்களோட அடிப்படை அதிர்வெண் 250க்குக் கீழயே கெடக்கும். அப்ப அந்தச் சுரம் ரெக்கார்டுல ஏறவே இல்ல, ஆனா நமக்குக் கேக்குதே, எப்படி?

எனக்கு எத்தன தடவ படிச்சாலும் அலுக்காத இடம் இது. குரல்ல ஒரு சுரம்னா அது ஒத்த அதிர்வு கிடையாது. 200 ஹெர்ட்ஸ்ல பாடுனா கூடவே 400, 600, 800, 1,000னு அதோட மடங்கு அதிர்வுகள், அதாவது ஹார்மோனிக்ஸ், வரிசையா வரும். குழாய் 200அ முழுங்கிடுது, மத்ததெல்லாம் பாஸ் ஆகிடுது. மூளை பாக்குது, 400, 600, 800, எல்லாம் 200 200ஆ தள்ளி நிக்குது, அப்ப இதெல்லாம் 200ங்கிற தாய்க்குப் பொறந்ததுங்கதான்னு முடிவு பண்ணி, இல்லாத 200 சுரத்த நமக்குக் கேக்க வச்சிடுது! பழைய லேண்ட்லைன்லயும் இதே கதைதான், அது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ எதையும் அனுப்பாது, அப்பா குரல் 120 பக்கம் இருக்கும், இருந்தும் அப்பா பேசுறாருன்னு தெரிஞ்சுதே. ஆனா மூளை மீட்டுக் குடுக்குறது சுரத்த மட்டும்தான். அடிக்குரலோட கனம், நெஞ்சுல வந்து மோதுற அந்த அதிர்வு, அது போனது போனதுதான். கிணத்துச் சத்தம் அதனாலதான்.

மேல் பக்கமும் வெட்டு. 'ஸ்' மாதிரி ஒலிகள் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல, அது குழாயத் தாண்டவே தாண்டாது, அதனால பாதி வார்த்தை புரியாது. பத்தாததுக்கு, மெழுகுத் தட்டுல இருந்து அச்செடுத்து விக்கிற ரெக்கார்டு செஞ்சது அரக்குல, நம்ம நாட்டுக் காட்டுல பூச்சி சுரக்குற அதே அரக்குதான், துரியோதனன் மாளிகை கட்டுனானே அதேதான். அதுல கல்லுத்தூள் மாதிரி பலதையும் கலப்பாங்க, பாரமவுண்டு கலவை மட்டம்னு சேகரிக்கிறவங்க இன்னைக்கும் திட்டுறாங்க, கேட்டா சட்டில கடுகு வெடிக்கிற மாதிரி பின்னாடி ஒரே இரைச்சல்.

பெஸ்ஸி ஸ்மித் பாடுனது கொலம்பியா ரெக்கார்டு கம்பெனிக்கு. 1923ல அவங்களும் குழாய்லதான் ஆரம்பிச்சாங்க, ஆனா 1925லயே கொலம்பியா மைக்குக்கு மாறிடுச்சு, நல்ல அரக்கு, நல்ல மெஷின். பெஸ்ஸி மேதை இல்லன்னு நான் சொல்லவே இல்ல. ஒருத்தர கண்ணாடி வழியாவும் இன்னொருத்தர சாக்குத்துணி வழியாவும் பாத்துட்டு யாரு அழகுன்னு கேக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

இப்ப ஏஐ வச்சு ரெய்னியோட 'நிஜக் குரல்' எடுத்துட்டோம்னு சில வீடியோ சுத்துது, ஜோசியம் மாதிரிதான் அது, பள்ளத்துல விழாத சத்தத்த எங்கருந்து எடுப்பாங்க? பள்ளத்துல விழுந்தத எடுக்குறது வேற, அது அறிவியல். பெர்க்லி ஆய்வுக்கூடத்துல துகள் இயற்பியல் பண்ணிட்டு இருந்த கார்ல் ஹேபர், துகள்களக் கண்டுபிடிக்கிற டிடெக்டர அளக்குற நுட்பத்த வச்சே பழைய ரெக்கார்ட ஊசி படாம படம் புடிச்சுப் படிக்க வழி கண்டாரு. அடிப்படை ஆராய்ச்சிக்குக் காசு ஏன்னு கேக்குறவங்ககிட்ட நான் இந்தக் கதையத்தான் சொல்றது.

ரெய்னிக்கு இந்தப் பெட்டி மேல ஒரு கண்ணு இருந்திருக்கும் போல. 1924ல மேடையில ஆள் உயரத்துக்கு மேல ஒரு கிராமஃபோன் செஞ்சு வச்சு, உள்ள நின்னு பாட ஆரம்பிச்சு, கதவத் திறந்துக்கிட்டு நகையும் பட்டுமா வெளிய வருவாங்களாம், கூட்டம் அலறுமாம். பெட்டில கேட்ட குரல் நேர்ல எப்படி இருக்கும்னு அந்தக் கூட்டத்துக்கு அந்த நிமிஷம் தெரிஞ்சிருக்கும், நமக்குத் தெரியாது.

அக்கா பொண்ணுகிட்ட, வார்த்தைய விட்டுடு, இழுக்குற இடத்த மட்டும் கேளுன்னேன். 'ஓ'ன்னு நீட்டி ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்குச் சறுக்கி எறங்குவாங்க ரெய்னி, அந்த முனகல்தான் அவங்க அடையாளமே. 'ஓ'வுக்கு வேண்டிய அதிர்வெண்ணெல்லாம் 300க்கும் 1,000க்கும் நடுவுல, குழாய் அத விட்டுடும். மறுபடி போட்டா. மூணாவது தடவ நான் போடச் சொல்லல.