போர்டில் இருக்கும் நம்பர் போனில் இல்லை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் கேட்டார்: "சார், பதினாறு வருஷமா ஒரே நம்பர்ங்க. பட்டறை போர்டுல, பில் புக்குல, கொலுசு வெச்சுக் குடுக்குற டப்பா மேல, எல்லாத்துலயும் அதேதான். வாரம் ரெண்டு தரம் ஏற்காடு போய்ட்டு வரேன், மேல போனா சிக்னலே கிடையாது. அதான் வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணிட்டேன். நம்பர் மாறல, சரி. ஆனா நாக்பூர்ல இருந்து கூப்பிடுற வியாபாரிகிட்ட நான் கம்பெனி மாறுனதைச் சொல்லவே இல்லையே. அவர் போனுக்கு எப்படித் தெரியுது?"

அவர் போனுக்குத் தெரியாது என்றேன். உங்கள் போனுக்கே உங்கள் நம்பர் தெரியாது என்றும் சொன்னேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். இல்லை.

போர்ட் செய்யும் சடங்கு பலருக்குத் தெரிந்ததுதான். 1900 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் போகிறது, எட்டு எழுத்துக் குறியீடு ஒன்று வருகிறது. நான்கு நாளைக்குள் அதைப் புதுக் கம்பெனிக் கடையில் காட்டி, ஆதாரும் கைரேகையும் கொடுத்தால் புது சிம் கையில். ஒரே வட்டத்துக்குள் (தாலுகா இல்லை, செல்போன் கம்பெனிகள் நாட்டைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி, ஏறக்குறைய ஒரு மாநிலம்) என்றால் மூன்று வேலை நாள், வேறு மாநில வட்டத்துக்கு என்றால் ஐந்து. பழைய கம்பெனியில் குறைந்தது 90 நாள் இருந்திருக்க வேண்டும். மிச்சமிருக்கும் ரீசார்ஜ் பணம் கூட வராது. இந்த வசதி 2010 நவம்பர் 25இல் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20இல் நாடு முழுக்க வந்தது. ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்கு நம்பரோடு போகும் உரிமை 2015 ஜூலையில்தான் கிடைத்தது. இதெல்லாம் அலுவலகக் காரியம். எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பின்னால் இருக்கிறது.

அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். இறுதிச் சடங்கு நடத்திக் கொடுப்பது அவர் தொழில். போட்டிக் கடைக்காரரின் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, தனக்கு வரும் அழைப்புகளைப் புருஷன் கடைக்குத் திருப்பிவிடுகிறாள் என்று சந்தேகப்பட்டாராம். அந்தக் கடுப்பில் ஆபரேட்டரே வேண்டாத ஒரு எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார் என்பார்கள். சந்தேகம் நிஜமோ பொய்யோ, 1891இல் காப்புரிமை நிஜமாகவே கிடைத்தது. அந்த வழியில் வளர்ந்த எக்ஸ்சேஞ்சில் நீங்கள் 5 சுழற்றினால் ஓர் இரும்புக் கை டக் டக்கென்று ஐந்து படி ஏறும். அடுத்து 3 சுழற்றினால் மூன்று படி பக்கவாட்டில் திரும்பும். ஒவ்வோர் இலக்கமும் ஓர் அசைவு. கடைசி இலக்கம் முடியும்போது அந்தக் கை உங்கள் வீட்டுக் கம்பியைத் தொட்டு நிற்கும். அதாவது நம்பர் என்பது பெயரே இல்லை, போகும் வழி. "மூன்று தெரு தாண்டி, ஐந்தாவது வீடு" என்பது போல. வழியை மாற்றாமல் வீட்டை மாற்ற முடியுமா?

(இந்த எந்திரம் ஒன்றையாவது ஓட வைத்து, பள்ளிப் பிள்ளைகள் டயலைச் சுழற்றிப் பார்க்கும்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் வைத்திருக்கலாம் என்பது என் தீராத ஆதங்கம். அறிவியல் பூங்கா என்று சிமெண்ட் டைனோசருக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதி போதும்.)

செல்போன் வந்தபோதும் இந்தப் புத்தி விடவில்லை. முதல் சில இலக்கங்களைப் பார்த்தே கம்பெனியும் வட்டமும் தெரியும்படிதான் வரிசைகளை ஒதுக்கினார்கள். 9443 என்று பார்த்தால் பிஎஸ்என்எல், தமிழ்நாடு என்று நாமே சொல்லிவிடுவோம். எக்ஸ்சேஞ்சும் அப்படித்தான் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தது.

போர்ட் வசதி வந்ததும் அந்த முதல் இலக்கங்களை நம்ப முடியாமல் போனது. சில நாடுகளில், அழைப்பைப் பழைய கம்பெனிக்கே அனுப்பி, "அவர் இப்போது இங்கே இல்லை, அங்கே போ" என்று அங்கிருந்து திருப்பிவிடும் முறை வைத்தார்கள். பிரிட்டனில் அப்படித்தான். குடிபோன வீட்டுக்குத் தபால் போய்ச் சுற்றி வருவது மாதிரி. பழைய கம்பெனி படுத்துவிட்டால் அதிலிருந்து மாறியவர்களின் அழைப்பும் சேர்ந்து படுத்துவிடும். இந்தியா அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இங்கே, அழைப்பு கிளம்பும் இடத்திலேயே விசாரித்துவிடுகிறார்கள்.

நாக்பூர் வியாபாரி பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். பேச்சு போகும் பாதை இன்னும் திறக்கவே இல்லை. அதற்கு முன்னால் அவருடைய கம்பெனி தன்னிடமுள்ள ஒரு பெரிய பேரேட்டைப் புரட்டுகிறது. நாட்டில் இதுவரை கம்பெனி மாறிய நம்பர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. செவ்வாய்ப்பேட்டை நம்பருக்கு நேராக ஒரு சின்னக் குறியீடு: இன்ன கம்பெனி, இன்ன வட்டம். அந்தக் குறியீட்டை நம்பருக்கு முன்னால் ஒட்டி அழைப்பை அனுப்புகிறது. இனி வழியில் இருக்கும் சுவிட்சுகள் ஒட்டியதைத்தான் பார்க்கும், நம்பரைப் பார்க்காது. ஒருவர் போர்ட் ஆனதும் நடுவில் இருக்கும் ஏற்பாட்டு நிறுவனம் எல்லாக் கம்பெனிகளுக்கும் "பேரேட்டில் இந்த வரியைத் திருத்திக்கொள்" என்று தகவல் அனுப்பிவிடும். நாட்டுக்கு இப்படி இரண்டு நிறுவனங்கள், ஆளுக்குப் பாதி நாடு. போர்ட் ஆகும் இரவில் சில மணி நேரம் இரண்டு சிம்மிலும் சிக்னல் இல்லாமல் தவிக்கிறோமே, பழைய இடத்தில் பெயரை எடுத்து, புது இடத்தில் சேர்த்து, ஊருக்கெல்லாம் சொல்லி முடிக்கும் நேரம் அதுதான்.

சரி, அழைப்பு புதுக் கம்பெனி வாசலுக்கு வந்தாயிற்று. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களில் இவர் எங்கே? இங்கேதான் நம்பர் முழுசாகக் கழன்று விழுகிறது.

சிம்முக்குள் வேறொரு எண் இருக்கிறது. 15 இலக்கம். இந்திய சிம் என்றால் 404 அல்லது 405இல் தொடங்கும், அதையடுத்துக் கம்பெனியின் அடையாளம். கூடவே ஒரு ரகசியச் சாவி, அது சிம்மை விட்டு வெளியே வரவே வராது. அதன் ஜோடி கம்பெனியின் கணினியில் மட்டும் இருக்கும். போர்ட் செய்தால் சிம்மையே ஏன் மாற்ற வேண்டும் என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். ஜோடி சேராத சாவியை வைத்து எந்தப் பூட்டைத் திறப்பது? டவருடன் பேச உதவுவது இந்த 15 இலக்கமும் சாவியும். பட்டறை போர்டில் எழுதிய பத்து இலக்கம் கம்பெனியின் பதிவேட்டில் இந்த 15 இலக்கத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்த ஒரு பெயர், அவ்வளவுதான். சிம்மிலும் அதைக் குறித்து வைக்க ஓர் இடம் உண்டு. ஆனால் டைரியில் நாமே எழுதிக்கொள்கிற மாதிரிதான் அது. தப்பாக எழுதினாலும் அழைப்பு வரும்.

அந்தப் பதிவேட்டில் இன்னொரு தகவலும் இருக்கிறது: கடைசியாக எந்தப் பகுதியில் இருந்தார். போன் சும்மா பையில் கிடக்கும்போதும், ஒரு டவர் கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்குப் போனால் "இங்கே வந்துவிட்டேன்" என்று மெல்லச் சொல்லிவிடும். சேலத்திலிருந்து கிளம்பி அடிவாரம் தாண்டி மலை ஏறும்போது உங்களுக்குத் தெரியாமல் இது நடக்கிறது. பழைய தலைமுறை நெட்வொர்க்கில், பதிவேடு அந்தப் பகுதியைக் கேட்கும். அந்தப் பகுதி இந்த ஓர் அழைப்புக்காக மட்டும் ஒரு தற்காலிக நம்பரைக் கடனாகக் கொடுக்கும். பாதை அந்தக் கடன் நம்பருக்குத் திறக்கும், இணைந்ததும் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும். 4ஜியில் பெயர்களும் பெட்டிகளும் மாறிவிட்டன, யோசனை அதேதான். பிறகு அந்தப் பகுதியின் டவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கூவும், தண்டோரா போடுவது போல. அப்போதும் உங்கள் நம்பரைச் சொல்லிக் கூவாது. ஒட்டுக்கேட்பவனுக்கு ஆள் தெரியக் கூடாது என்று அவ்வப்போது மாற்றிக் கொடுக்கும் ஒரு புனைபெயரைச் சொல்லிக் கூவும். எல்லா போன்களுக்கும் கேட்கும், அந்தப் பெயர் உள்ள போன் மட்டும் "நான்தான்" என்னும். பிறகுதான் மணி அடிக்கும்.

மலைப்பாதையில் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் பாறை மறைத்து சிக்னல் செத்துப்போனால், கூவலுக்குப் பதில் வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்று அந்தப் பெண் குரல் சொல்லும். அந்த வாக்கியம் உண்மையில் "கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை" என்பதுதான்.

கொலுசுப் பட்டறைக்காரர் நம்பரை விடாததற்கு டப்பா அச்சடித்தது மட்டும் காரணமில்லை. கூட்டுத்தொகை 6, தொழிலுக்கு ராசி என்று யாரோ எண் ஜோதிடர் சொல்லியிருக்கிறார். 8 வரும் நம்பரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதவர்களையும், ஃபேன்சி நம்பரை ஏலத்தில் எடுப்பவர்களையும் எனக்குத் தெரியும். அவரிடம் சொன்னேன்: காற்றில் போவது நீங்கள் கூட்டிப் பார்த்த எண் இல்லைங்க. உங்கள் சிம்மின் 15 இலக்கத்தை எந்த ஜோதிடர் கூட்டினார்? டவர் கூவும் புனைபெயர் இன்று ஒன்று, நாளை ஒன்று. சனி எதைப் பிடிப்பார்? சிரித்தார். ஆனாலும் 6 வந்தது நல்லதுதானே என்றார். சரி, விடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் சொல்லி அனுப்பினேன். நம்பர் வெறும் பெயர் என்றால், அந்தப் பெயரை வேறொருவன் தன் சிம்மோடு சேர்த்துவிடவும் முடியும். அப்புறம் வங்கி ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். சிம் தொலைந்தது என்று யாராவது மாற்று சிம் வாங்கினால், அடுத்த ஏழு நாளைக்கு போர்ட் குறியீடு கிடைக்காது என்று 2024 ஜூலை 1இல் விதி வந்தது இதற்காகத்தான். திடீரென்று காரணமில்லாமல் சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவருக்கு அதே கம்பெனி சிக்னல் இருந்தால், டவர் கோளாறு என்று காத்திருக்காமல் உடனே கம்பெனியையும் வங்கியையும் கூப்பிடுங்கள். எட்டு எழுத்துக் குறியீட்டை யார் கேட்டாலும் போனில் சொல்லாதீர்கள்.

கிளம்பும்போது இன்னொன்று கேட்டார். போர்டில் செல் நம்பருக்கு மேலே, அப்பா காலத்து லேண்ட்லைன் நம்பரும் இருக்கிறதாம். "ஏற்காட்டுல சின்னதா ஒரு ஷோரூம் போடலாம்னு இருக்கேங்க. அதையும் மேல எடுத்துட்டுப் போயிடலாமா?"

முடியாது. அந்த நம்பர் இன்னும் ஸ்ட்ரோஜர் காலத்து வழிதான். 0427 என்றால் சேலம், 04281 என்றால் ஏற்காடு. மலை ஏறினால் வேறு நம்பர்தான்.

"அப்ப பெயிண்டரை வரச் சொல்லணும்" என்றார். "அந்த நம்பர் கூட்டுத்தொகை 8ங்க. போனாப் போகுது."