டாக்டரின் நேரம் எங்கே போகிறது? பொறி தட்டுவதன் அறிவியல்

ஒரு மெழுகுவத்தி, ஒரு தீப்பெட்டி, ஒரு சின்ன அட்டைப்பெட்டி நிறையக் குத்தூசிகள். மெழுகு மேசையில் சொட்டாதபடி மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்தி எரிய விட வேண்டும். ஜெர்மன் உளவியலாளர் கார்ல் டங்கர் உருவாக்கிய புதிர் இது. பலரும் மெழுகுவத்தியையே சுவரோடு சேர்த்துக் குத்தப் பார்ப்பார்கள், அது முடியாவிட்டால் மெழுகை உருக்கி ஒட்டப் பார்ப்பார்கள், ரெண்டும் நிற்காது. ஊசிகளைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியைச் சுவரில் குத்துங்கள், விளக்கு மாடம் தயார். அதே ஊசிகளை முதலிலேயே பெட்டிக்கு வெளியே பரப்பிக் கொடுத்தால் இன்னும் நிறையப் பேர் விடையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். பெட்டிக்குள் ஊசி இருக்கும் வரை மூளைக்கு அது ‘ஊசி வைக்கிற சாமான்’. வேறு எதற்கும் ஆகாது.

அந்த நினைப்பு கழன்று விழுகிற கணத்தைத்தான் பொறி தட்டியது என்கிறோம். மூளை ஆய்வாளர்கள் மார்க் ஜங்-பீமன், ஜான் கூனியோஸ் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சொற்புதிர் போடுகிறவர்களின் மூளையைக் கவனித்தார்கள். விடை திடீரென்று உதித்தவர்களுக்கு, ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று பொத்தானை அழுத்துவதற்கு சுமார் 0.3 விநாடி முன்பு, வலது காதுக்கு மேற்புறமாக உள்ள மூளைப் பகுதியில் காமா அலைகள் என்னும் வேகமான மின் அலைகள் குபீரென்று எழுந்தன. அதற்கும் கொஞ்சம் முன்னால் பார்வையைக் கவனிக்கும் பின்மண்டைப் பகுதியில் ஆல்பா என்னும் மெதுவான அலை கூடியது, வெளியிலிருந்து வரும் காட்சிகளை மூளை சற்று நேரம் தணித்து வைப்பது போல.

சரி, நிர்வாகத்தில் இது எப்படி வேலை செய்கிறது? மதுரைக்கு வருவோம்.

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே ஆபரேஷன் செய்யப் பழகியவர். கண்புரையால் பார்வை போனவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள், டாக்டர்களோ கொஞ்சம் பேர். ‘டாக்டர் போதவில்லை’ என்று கேள்வியை வைத்தால் விடை ஒன்றுதான்: இன்னும் டாக்டர்கள் வேண்டும். அதற்குப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் இருக்கிற டாக்டரின் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் கதை மாறுகிறது. நோயாளியைப் படுக்க வைப்பது, கண்ணைச் சுத்தம் செய்வது, கட்டுப் போடுவது என்று அவர் கையே தேவைப்படாத வேலைகள்தான் பெரும்பகுதி. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் சாதாரண இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் வேலை வாங்குவதைப் பார்த்து வந்தவர் அவர், கண் சிகிச்சையை ஏன் அப்படிச் செய்யக் கூடாது என்று கேட்டார்.

அந்த ஆபரேஷன் அறையில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். இந்த மேசையில் லென்ஸ் வைத்து முடித்ததும் மைக்ரோஸ்கோப்பை அப்படியே அடுத்த பக்கம் திருப்புகிறார், அங்கே அடுத்தவர் கண் மட்டும் தெரியும்படி துணி போர்த்தித் தயாராகப் படுத்திருக்கிறார். தயார் செய்ததெல்லாம் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள். இப்படித்தான் ஒரு டாக்டரால் ஆண்டுக்கு 2,000 ஆபரேஷன் அளவுக்குச் செய்ய முடிகிறது, பணம் கட்டுகிறவர்களின் வருமானத்திலேயே இலவச சிகிச்சையும் நடக்கிறது.

ஆனால் உதித்ததெல்லாம் சரியாக இருந்துவிடாது. உளவியலாளர்கள் டேனியல் கானமன், கேரி க்ளைன் இருவரும் உள்ளுணர்வை நம்பலாமா என்பதில் எதிரெதிர் அணி, 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஓரிடத்தில் ஒத்துப்போனார்கள்: செய்கிற வேலையில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று சீக்கிரம் தெரிய வேண்டும், அங்கேதான் அனுபவசாலியின் மனசு சொல்வதை நம்பலாம். கண் டாக்டருக்குக் கட்டுப் பிரித்தால் தெரிந்துவிடும். புது ஊரில் கிளை திறக்கும் முதலாளிக்கு ரெண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும், அப்போதும் எதனால் என்று தெரியாது.

அரவிந்தின் கண் முகாம்களில் எப்போதும் கூட்டம். அதைப் பார்க்கிற யாருக்கும் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். 1990களின் இறுதியில் வெளியான ஓர் ஆய்வு, முகாமுக்கு வந்தவர்களை விட்டுவிட்டு ஊருக்குள் போய் எண்ணியது. கண் கோளாறு உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். வராதவர்கள் வரிசையில் நிற்பதில்லையே, எப்படிக் கண்ணில் படுவார்கள்! ‘முகாமை எப்படிப் பெரிதாக்குவது’ என்ற கேள்வி அதோடு போனது. அப்புறம் 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் வந்தன. ஒரு சின்ன அறை, பயிற்சி பெற்ற ஒரு பெண், கண்ணைச் சோதிக்கும் கருவி, ஒரு கம்ப்யூட்டர். மாட்டைக் கட்டிவிட்டு நடந்தே வந்து உட்காரும் பாட்டியிடம், திரையில் தெரியும் டாக்டர் எத்தனை நாளாக மங்கலாகத் தெரிகிறது என்று கேட்கிறார்.